சாய்தளம் வந்தது, ரகசியம் வந்ததா?

வாக்குப்பதிவு இயந்திரத்தின் நீலப் பொத்தானை அழுத்தியதும் வேட்பாளர் பெயருக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் நிற்கும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சீட்டு வந்து நிற்கிறது. வரிசை எண், பெயர், சின்னம். ஏழு விநாடி அப்படியே நின்றுவிட்டு, அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. 'பீ...ப்' என்று நீளமாக ஒரு சத்தம். போட்ட ஓட்டு போட நினைத்தவருக்கே போயிருக்கிறது என்ற திருப்தியோடு நாம் வெளியே வருகிறோம்.

பார்வையற்ற வாக்காளருக்கு இவ்வளவிலும் கிடைப்பது அந்தச் சத்தம் மட்டும்தான். ஓட்டு பதிவாகிவிட்டது என்று அது சொல்லும். யாருக்குப் பதிவானது என்று சொல்லாது. 'சுதந்திரமான, நியாயமான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது' என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2013-ல் ஏற்றுத் தீர்ப்பளித்த பிறகுதான் விவிபேட் படிப்படியாக நாடு முழுவதும் வந்தது. தன் ஓட்டைத் தானே சரிபார்க்கும் வசதி வாக்காளரின் உரிமை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட காலத்தில், அந்த உரிமை கண் தெரிந்தவர்களுக்கு மட்டும் வாய்க்கும்படி ஒரு கருவி வடிவமைக்கப்பட்டது. வடிவமைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பார்வையற்ற வாக்காளர் ஒருவர் அவர்கள் நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளின் வாக்குரிமை விஷயத்தில் பெரும்பாலான குறைகள் இப்படி நேர்ந்தவைதான்.

இது சின்னக் கூட்டத்தின் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர். 2024 நாடாளுமன்றத் தேர்தலை அறிவித்தபோது, வாக்காளர் பட்டியலில் மாற்றுத்திறனாளிகளாக அடையாளம் காணப்பட்டவர்கள் 88.4 லட்சம் பேர் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. கணக்கெடுப்பு எண்ணிக்கையில் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் பட்டியல் அடையாளம் கண்டிருக்கிறது. மீதிப் பேரில் பலருக்குப் பட்டியலில் பெயர் இருக்கலாம், ஆனால் அவர்கள் மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு இருக்காது. குறிப்பு இல்லாத இடத்துக்குச் சக்கர நாற்காலி வராது, பிரெய்ல் சிலிப் வராது, வீட்டுக்கு வரும் தபால் வாக்குப் படிவமும் வராது.

இன்று இருக்கும் வசதிகளும் தானாக வந்துவிடவில்லை. 2004 நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் 'டிசேபிள்டு ரைட்ஸ் குரூப்' என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அதன் முகமாக இருந்தவர், சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி. வாக்குச்சாவடிக்குள் சக்கர நாற்காலி நுழைய முடியாது, இயந்திரத்தில் பிரெய்ல் கிடையாது, இப்படியிருக்க எங்களுக்கு வாக்குரிமை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் வழக்கின் சாரம். தேர்தல் தொடங்கும் தறுவாயில், அந்த ஏப்ரலில், சாவடிகளில் சாய்தளம் அமைக்கச் சொல்லி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஆண்டு ஆந்திரத்தின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் பிரெய்ல் எண் பொறித்த இயந்திரம் சோதனையாக வைக்கப்பட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரே ஒரு தொகுதிக்கு அது வந்தது. 2009-ல்தான் நாடு முழுவதும். குடியரசான நாட்டில் முதல் பொதுத்தேர்தல் முடிந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, பொத்தானுக்குப் பக்கத்தில் சில புள்ளிகள் முளைத்தன. அபிதி 2018-ல் மறைந்தார். சாவடி வாசலில் இன்று ஒரு சாய்தளத்தைப் பார்த்தால், அதில் அவருடைய பங்கும் உண்டு என்று நினைத்துக்கொள்ளலாம்.

சாய்தளம் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் வாக்குச்சாவடி என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். அரசுத் தொடக்கப் பள்ளிகளின் தாழ்வாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் ஏற்ற அளவு. அப்படியானால் இரண்டடித் தாழ்வாரத்துக்கு இருபத்து நான்கு அடி நீளம் வேண்டும். கட்டி வைத்திருப்பதோ ஆறடி, எட்டடி. நான் பார்த்த பள்ளி ஒன்றில் சாய்தளம் கிட்டத்தட்டப் படிக்கட்டின் சரிவிலேயே ஏறியது. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும். கீழே சாய்தளம் மண்ணைத் தொடும் இடத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு. கட்டும்போது தரையோடு சமமாக இருந்திருக்கும், மழையில் மண் கரைந்து போயிருக்கிறது. அந்த நான்கு விரற்கடையில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு என்ன, நாலு பேர் கூடித் தூக்குவார்கள்.

தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தூக்கப்படுகிறவர் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஊர் முழுக்க வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியோடு தூக்கிப் போகப்படுவதை எந்த மனிதரும் விரும்பமாட்டார். அந்தக் கூச்சத்துக்கு அஞ்சியே ஓட்டுப் போடப் போகாதவர்கள் உண்டு. இரண்டு கைகளும் இல்லாதவர் கால் விரலால் பொத்தானை அழுத்திவிட்டு வருவதும், தொண்ணூறு வயதுப் பாட்டியைப் பேரன் தோளில் சுமந்து வருவதும் ஒவ்வொரு தேர்தலிலும் செய்தித்தாளில் படமாக வரும். 'ஜனநாயகக் கடமை' என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் பாட்டியை ஏன் சுமக்க வேண்டியதாயிற்று என்று அந்தப் படத்துக்குக் கீழே யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

சட்டத்தில் குறை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எல்லா வாக்குச்சாவடிகளும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக இருப்பதை இந்தியத் தேர்தல் ஆணையமும் மாநிலத் தேர்தல் ஆணையங்களும் உறுதி செய்ய வேண்டும். தேர்தல் தொடர்பான எல்லாப் பொருள்களும் அவர்களுக்குப் புரியும்படியும் எட்டும்படியும் இருக்க வேண்டும். 'இயன்ற வரை' என்ற தப்பிக்கும் வாசல் அதில் இல்லை. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, நாலு விரற்கடை விளிம்பு இப்போது அழகியல் குறை இல்லை, சட்டமீறல்.

சாவடிக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த சிக்கல் மேசை. இயந்திரத்தை வைக்கும் மேசை நிற்பவருக்குத் தோதான உயரத்தில் இருக்கும். அதைச் சுற்றி அட்டை மறைப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் குள்ளமான உடல்வாகு கொண்டவருக்கும் மேல் வரிசைப் பெயர்கள் கண்ணுக்கே எட்டாமல் போகும். உயரம் குறைந்த ஒரு மேசை இதைத் தீர்த்துவிடும். அந்தப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் அப்படிப்பட்ட மேசைகள் இருக்கும்.

இனி, என் பார்வையில் எல்லாவற்றையும் விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரகசியம்.

பார்வையற்ற வாக்காளர் உள்ளே வருகிறார். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்க வாசிக்கிறார். கட்சி ஏஜென்ட்கள் தங்கள் கையில் இருக்கும் பட்டியலில் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் அலுவலர் விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்குகிறார். மூன்றாம் அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியை அழுத்தினால் இயந்திரம் ஓட்டுக்குத் தயார். இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் ஒரு கேள்வி வரும்: "கூட யார் வந்திருக்கீங்க?" பெரும்பாலும் அந்தக் கேள்வி வாக்காளரைப் பார்த்துக்கூட வராது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து வரும்.

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-என் என்று ஒரு விதி இருக்கிறது. பார்வையின்மையாலோ வேறு உடல் இயலாமையாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மறைவுக்குள் போகலாம். துணையாளர் அந்த ஓட்டின் ரகசியத்தைக் காப்பதாக உறுதிமொழி தர வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணை போக முடியும். இதையெல்லாம் 14ஏ படிவத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கவனமாகப் படித்தால் ஒன்று விளங்கும். துணைக்கு ஆள் கொண்டுபோக அனுமதி கேட்டால் தர வேண்டும் என்பதுதான் விதி. துணை இல்லாமல் போகக் கூடாது என்று அது சொல்லவில்லை. பிரெய்ல் தெரிந்தவர், சாவடியில் இருக்கும் பிரெய்ல் மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி, விரலால் தடவிப் படித்து, தன் வேட்பாளரின் வரிசை எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, தனியாகவே உள்ளே போய், பொத்தானுக்கு வலப்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைத் தொட்டறிந்து அழுத்திவிட்டு வரலாம். இதற்காகத்தானே அத்தனை ஆண்டுப் போராட்டம். ஆனால் நேரம் ஆகும், வரிசை நீளும், சண்டை வரும் என்று அலுவலர்கள் பயப்படுகிறார்கள். மாதிரித் தாள் பையிலிருந்து வெளியே வராமலே போவதும் உண்டு. "சின்னத்தைச் சொல்லுங்க, நாங்களே பார்த்துக்கிறோம்" என்பது உதவி என்ற நினைப்பில் சொல்லப்படும் பேச்சு. சின்னத்தை வாய்விட்டுச் சொன்ன கணமே ரகசிய வாக்கு என்பது முடிந்துபோகிறது. அதுவும் ஏஜென்ட்கள் உட்கார்ந்திருக்கும் அறையில்.

துணைக்கு வருபவர் கணவராகவோ மகனாகவோ அண்ணனாகவோ இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். பார்வையற்ற ஒரு பெண் தன் கணவரின் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட நினைத்தால் என்ன செய்வாள்? அவள் சொன்ன பொத்தானைத்தான் அவர் அழுத்தினார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வாள்? அந்த 'பீப்' எல்லாப் பொத்தானுக்கும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். நம்பிக்கையான உறவே கூட வந்தாலும், அந்த நம்பிக்கையை நம்பி இருக்க வேண்டிய நிலையில் ஒரு குடிமகளை நிறுத்துவது சரியில்லை. நாம் யாரும் நம் துணைவரை நம்பாததால் தனியாகப் போய் ஓட்டுப் போடவில்லையே.

பிரெய்ல் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவயதில் சர்க்கரை நோயாலும் கண் அழுத்த நோயாலும் பார்வை இழந்தவர்கள் பலருக்குப் பிரெய்ல் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் சில நேரம் அது பெரும் சோதனை. 2024-ல் கரூர் நாடாளுமன்றத் தொகுதியில் 54 வேட்பாளர்கள் நின்றார்கள். ஓர் இயந்திரத்தில் 16 பெயர்தான் அடங்கும். நோட்டாவையும் சேர்த்து நான்கு இயந்திரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. கண் தெரிந்தவர்களே தேடித் திணறும் இடத்தில், விரல் நுனியால் தேடுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தீர்வு எட்டாத தூரத்தில் இல்லை. காதில் ஒரு ஹெட்போன். எந்தப் பொத்தானில் விரல் இருக்கிறது, அது யாருடைய பெயர், ஓட்டு யாருக்குப் பதிவானது என்பதைக் குரலில் சொல்லும் கருவி. அமெரிக்காவில் 2002-லேயே கூட்டாட்சித் தேர்தல் நடக்கும் ஒவ்வொரு சாவடியிலும், பார்வையற்றவர்கள் மற்றவர்களுக்குச் சமமான அந்தரங்கத்தோடு வாக்களிக்க ஓர் இயந்திரமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்கள் பெயரைச் சொல்லாமலே தொலைபேசி வழியாக ஓட்டுப் போடுகிறார்கள். நூறு கோடிக்கு நெருக்கமான வாக்காளர்களுக்குத் தேர்தல் நடத்திக் காட்டும் நாட்டுக்கு, விவிபேட் சீட்டை வாசித்துச் சொல்ல ஒரு குரல் சேர்ப்பது தொழில்நுட்பத்தில் பெரிய காரியமாக இருக்காது. விவிபேட் வந்து பத்தாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

இந்த இடத்தில் வீட்டிலிருந்தே தபால் வாக்கு என்ற வசதியைப் பற்றிப் பேச வேண்டும். 2019-ல் விதிகள் திருத்தப்பட்டு, ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தலில் சில தொகுதிகளில் தொடங்கியது. இப்போது 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் 85 வயதைக் கடந்தவர்களுக்கும் கிடைக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் 12டி படிவத்தை வீட்டுக்கே கொண்டு வருவார். பிறகு ஒரு நாள் அலுவலர்களும் காவலரும் வீடியோ எடுப்பவரும் வருவார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு இது பெரிய வரம். பல ஆண்டுகள் ஓட்டே போடாதவர்கள் போட்டார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் இந்த ஏற்பாட்டை எதிர்த்து தி.மு.க. தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் வாக்கின் ரகசியம் குறித்து அப்போது எழுந்த கவலையைத் தூக்கி எறிய முடியாது. நடுவீட்டில், குடும்பமே சுற்றி நிற்க, "அப்பாவுக்குக் கை நடுங்கும், நானே டிக் பண்ணிடறேன் சார்" என்று ஒரு மகன் முன்வந்தால், வந்திருக்கும் அலுவலர் உறுதியாக நின்று மறைவு ஏற்படுத்தித் தர வேண்டும். தாளில் குறியிடும் முறை என்பதால் பார்வையற்றவருக்கு வீட்டு வாக்கு, சாவடியில் கிடைக்கும் அந்தப் பிரெய்லையும் இல்லாமல் செய்கிறது.

இன்னொன்று. 12டி படிவம் ஏற்கப்பட்டுவிட்டால் பட்டியலில் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்ற குறி விழுந்துவிடும். அப்புறம் மனம் மாறிச் சாவடிக்குப் போனாலும் ஓட்டுப் போட முடியாது. இது வாக்காளரின் விருப்பத் தேர்வு என்று ஆணையம் சொல்கிறது. அது விருப்பமாகவே இருக்க வேண்டும். "நீங்க எதுக்கு அலையறீங்க, வீட்லயே போட்டுருங்க" என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால், நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துச் சாய்தளத்தைச் சரி செய்ய யாருக்கும் அவசரம் இருக்காது. ஊரோடு சேர்ந்து வரிசையில் நின்று, விரலில் மையோடு திரும்பி வருவதில் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை விரும்புகிறவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். அந்த மை விஷயத்தில் 1961 விதிகள் எவ்வளவு யோசித்திருக்கின்றன தெரியுமா? இடது ஆள்காட்டி விரல் இல்லையென்றால் அந்தக் கையின் வேறு விரல், இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கை விரல், இரு கைகளிலும் இல்லையென்றால் இருக்கும் கையின் நுனி. எந்த உடலோடு வந்தாலும் நீ வாக்காளர்தான் என்று நினைத்து எழுதிய விதி அது. அந்த அக்கறை மேசைக்கும் விவிபேட்டுக்கும் வரவேண்டும்.

உடலின் தடைகளையாவது கண்ணால் பார்க்கலாம். மனநலம் குன்றியவர்களின் வாக்குரிமை பற்றி நாம் பேசுவதே இல்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 16-ஆம் பிரிவு, சித்தசுவாதீனம் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆனால் உரிய நீதிமன்றம் அவரை அப்படி அறிவித்திருக்க வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கிறது. சிகிச்சை எடுப்பதாலோ மாத்திரை சாப்பிடுவதாலோ யாருடைய ஓட்டும் போகாது. நடப்பில் குடும்பமே தீர்ப்பு எழுதிவிடுகிறது. "அவனுக்கு எதுக்கு ஓட்டு?" என்ற ஒரே கேள்வியில் பதினெட்டு வயதிலிருந்து ஒரு குடிமகனின் பெயர் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கும் இதே கதிதான்.

இதற்கு மாற்றாகச் சென்னையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 2019 ஏப்ரல் 18 அன்று கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில், சிகிச்சையில் இருந்தவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வாக்காளர்களாகப் பதிவாகியிருந்தார்கள். வளாகத்துக்குள்ளேயே சாவடி. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள், தேர்தல் அதிகாரிகள் ஒத்துழைத்தார்கள், நடந்துவிட்டது. சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவைகூட வரவில்லை. மாவட்டந்தோறும் இருக்கும் காப்பகங்களிலும் இல்லங்களிலும் இதைச் செய்ய என்ன தடை?

காது கேளாதவர்களின் சங்கடம் வேறு. பெயரை உரக்க வாசிக்கும் சாவடியில் அவர்கள் அலுவலரின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கட்சிகளின் மேடைப் பேச்சுகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பது இன்னும் அபூர்வம். ஓட்டுக் கேட்கும் பேச்சே எட்டாதவர் எதை வைத்து முடிவெடுப்பார்? மேடையில் எதிராளியைத் திட்ட 'குருடன், செவிடன், நொண்டி' என்று அள்ளி வீசுவது மட்டும் தாராளமாக நடக்கிறது. 2023 டிசம்பரில் தேர்தல் ஆணையம் இத்தகைய பேச்சைத் தவிர்க்கும்படி கட்சிகளுக்கு அறிவுறுத்தியது.

உள்ளாட்சித் தேர்தல் என்றால் நிலைமை இன்னும் பின்தங்கியது. 2019, 2021 ஊரகத் தேர்தல்களில் நம் கிராமங்கள் வாக்குச்சீட்டில்தான் ஓட்டுப் போட்டன. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பதவிக்கு நான்கு நிறச் சீட்டு. நிறத்தைப் பார்த்துப் பிரித்து, சின்னத்தைப் பார்த்து முத்திரை குத்தி, மடித்துப் போட வேண்டும். பார்வையற்றவர் இதைத் தனியாகச் செய்ய வழியே இல்லை. தெருவிளக்கும் குடிநீரும் சாய்தளமும் தீர்மானமாகிற மன்றத்துக்கான தேர்தலில்தான் இந்த நிலை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டம் கொண்டுவந்தது. மொத்தம் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம். மனமார வரவேற்க வேண்டிய சட்டம். அந்த மன்றத்தில் உட்காரப்போகும் பார்வையற்ற உறுப்பினர், அதே மன்றத்துக்கான தேர்தலில் தன் ஓட்டைத் தன் கையால் ரகசியமாகப் போட முடியவில்லை என்றால், மாநிலத் தேர்தல் ஆணையம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு மட்டும் இல்லையென்றால் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் செயலியிலும் பதியலாம், 1950 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். சாவடியாகும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்ச் சாய்தளத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். மண் கரைந்திருந்தால் ஆட்சியர் அலுவலகத்துக்கு இப்போதே ஒரு மனு போடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. சாவடியில் பார்வையற்ற ஒருவர் "நான் தனியாகவே போகிறேன், பிரெய்ல் தாள் கொடுங்கள்" என்று கேட்டால், வரிசையில் நிற்கும் நீங்கள் முணுமுணுக்காமல் காத்திருங்கள். அலுவலர் தயங்கினால், அது அந்த வாக்காளரின் உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள்.